எவால்ட் தூக்கிய கை

எங்கள் வுப்பர் ஆற்றங்கரையில் சாயப்பட்டறைத் தொழிலாளிகள் கூடிப் பேச என் பீர்க்கடையை விட்டால் வேறு இடம் கிடையாது. மற்ற கடைக்காரர்கள் போலீசைக் கண்டாலே நடுங்குகிற தொடைநடுங்கிகள். எனக்கும் பயம் உண்டு. ஆனால் கோபம் அதைவிட அதிகம்.

எவால்ட் ரூப்சாம் ஒன்பது வயதில் சாயத்தொட்டிக்கு வந்தவன். உருளைக்கிழங்கு கட்டிவந்த பழைய பத்திரிகைத் தாளில் எழுத்துக்கூட்டிப் படித்தான். முப்பது வயதில் ஊரின் முதல் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தான்.

"பதினாலு மணி நேரம் தொட்டியிலயே கெடந்தா மனுசன் எப்பக்கா மனுசனா இருக்கறது? பன்னெண்டு போதும். இது ஒண்ணும் பிச்சையில்ல" என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் வேலைநிறுத்தமா இல்லையா என்று முடிவெடுக்க இருநூறு பேர் கூடினார்கள். எந்தக் கூட்டத்துக்கும் ஒரு போலீஸ்காரர் வந்து, கூர்முனைத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு உட்காருவார். ஆகாத சொல் காதில் விழுந்தால் தொப்பியை மாட்டுவார். மாட்டிவிட்டால் கூட்டம் கலைந்தாக வேண்டும். அன்று வந்தவர் சார்ஜண்ட் ப்ரோஸ்.

"வேலைநிறுத்தம்னு எவனாவது வாயத் தொறந்தீங்க, தொலைச்சிருவேன்!"

எவால்ட் மேடையேறினான். வாயே திறக்கவில்லை. சார்ஜண்டைப் பார்த்துக்கொண்டே வலது கையைத் தூக்கினான். அவ்வளவுதான், கடை முழுக்கக் கைகள்!

"டேய், எதுக்குடா தூக்கறீங்க?"

"அக்குள்ல அரிப்புங்க ஐயா!" என்றது பின்வரிசை.

சிரிப்பில் கண்ணாடிக் குவளைகள் அதிர்ந்தன. சார்ஜண்ட் தொப்பியை மாட்டுவதற்குள் கைகளை எண்ணி முடித்துவிட்டார்கள். மறுநாள் ஒரு பட்டறையிலும் அடுப்பு எரியவில்லை.

மூன்றாம் நாள் எவால்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலைநிறுத்தத்துக்குத் தூண்டிப் பேசினானாம். அவனை உள்ளே தள்ளினால் மற்றவர்கள் பயந்து திரும்பிவிடுவார்கள் என்பது முதலாளிகளின் நினைப்பு. சார்ஜண்டின் சொல் மட்டும் போதாது, இன்னொரு சாட்சியும் வேண்டுமே! சார்ஜண்ட் என் கடைக்கு வந்தார்.

"மட்டில்டே, அவன் பேசினான்னு சொல்லிடு. இல்லன்னா கடைய மறந்துடு."

அன்றிரவு ஒவ்வொரு குவளையாகத் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். புருஷன் செத்தபின் அந்தக் கடைதான் என் உயிர்.

நீதிமன்றத்தில் எவால்ட் கூண்டில் நின்றான். என் பக்கம் பார்க்கவேயில்லை. பாவி, என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதாம்!

"கையத் தூக்கி சத்தியம் பண்ணும்மா" என்றார் நீதிபதி.

பொம்பளை என்று கூட்டத்தில் எனக்கு ஓட்டுக் கிடையாது. அன்று பீர் ஊற்றிக்கொண்டுதான் நின்றேன். இப்போது தோள்பட்டை வலிக்கும் அளவுக்குக் கையை உயர்த்தினேன்.

"இவன் ஒரு வார்த்தைகூடப் பேசலைங்க. இப்படித்தான் தூக்கினான். அன்னைக்கு எண்ணினதுல என் கை விட்டுப்போச்சு, அதையும் சேத்துக்கங்க."

எவால்டை விட்டார்கள். சாயங்காலமே என் கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். பதினேழாம் நாள் முதலாளிகள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இறங்கிவந்தார்கள்.