ஒருநாள் குடும்பம்

பொழியூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வெளுத்த வேட்டியும் சந்தன மணமுமாக வருவார். பேச்சுக்கிடையே பல்லைக் குத்தி, குச்சியை முகர்ந்து பார்ப்பார். சுற்றுலாக்காரர்களுக்கு நாள்வாடகைக்கு விடுவதற்காக, பிள்ளைகளின் பரீட்சை சமயத்தில் எங்களை வெளியேற்றினார்.

சில மாதங்கள் கழித்து, காட்டாக்கடையில் எங்கள் புது வீட்டுக்கே வந்தார்.

"மக்கா, சொந்தக்காரன் குடும்பத்தோட தாமசிக்கிற, குடியிருக்கிற வீட்டுக்குத்தான் இப்ப ஹோம்ஸ்டே லைசன்ஸ் உண்டு. நாளைக்கு ஆபீசர் பாக்க வாறாரு. நீ எனக்க மகன், இவ மருமவ. பிள்ளைகளோட வந்து நின்னா போதும். ஒரு நாளைக்காக்கும்."

"எங்கள வெளிய இறக்கிவிட்ட வீட்டுலயா?" என்றாள் என் மனைவி.

"அதனாலதான் கேக்கேன். பிள்ளைகளுக்கு அங்க நல்ல பழக்கம் உண்டே," என்றார் கூசாமல்.

கதவைச் சாத்தினேன்.

பிறகொரு நாள் பொழியூர் வழியே போனபோது, அந்தப் பழைய வீட்டு வாசலில் லைசன்ஸ் பலகை தொங்கியது. யார் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தினாரோ!