கோட்டைச் சுவரின் ருசி

“வெல்லமும் கடுக்காயும் போட்டு அரைச்ச சுண்ணாம்புங்க இது,” என்று செங்கல்பட்டுக் கோட்டைச் சுவரைத் தட்டிக் காட்டினார், ஊர் வரலாறு சொல்லி எங்களை நடத்திக்கொண்டு வந்த வழிகாட்டி. எனக்கு அந்தச் சுவரின் ருசி தெரியும். இத்தனை வருஷம் பல் தேய்த்தும் போகாத ருசி அது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். சந்தைக்குக் கூட்டிப்போன சித்தப்பா, அழுகிய முட்டைக்கோஸ் இலைகளை மிதித்தபடி ராஜா கதை சொல்லிக்கொண்டே வந்து இதே சுவரருகே நின்றார்.

“வெல்லம் போட்டுக் கட்னதுடி. நக்கிப் பாரு.”

நக்கினேன்.

“இன்னா, தித்திக்குதா?”

“கரிக்குது சித்தப்பா.”

“கடல் காத்துடி. தோ, பக்கத்துலதான கீது மகாபலிபுரம்.”

கடலையே ருசித்துவிட்ட பெருமையில் இன்னொரு முறை ஆழமாக நக்கினேன். அந்த நேரம் பார்த்து மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வந்தார். எங்களுக்கு இரண்டடி தள்ளி, லுங்கியைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

“நவுந்து நில்லுடி, தெறிக்கும்,” என்றார் சித்தப்பா, ரொம்பப் பழகிய குரலில்.

“சுவத்துல வெள்ளையாப் பூத்திருக்கே, அது என்னங்க?” என்று இப்போது யாரோ கேட்டார்கள்.

“கடல் காத்துங்க,” என்றார் வழிகாட்டி.

எல்லோரும் பக்தியோடு சுவரைத் தடவினார்கள். நான் நகர்ந்து நின்று துப்பினேன்.