கடற்பாசிச் சேறும் ஒரு கழுத்து வலியும்

என் அக்காவின் கணவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'இளகு மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பு முறிவுப் பிரிவை ஒட்டிய பிசியோதெரபி அறையில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தார். மாவுக்கட்டுப் பிரித்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள் என்று யார் வந்து படுத்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "இளக விடுங்க" என்ற வார்த்தைதான். அக்கா கோபமாக இருக்கும்போதும் அதையே சொல்வார். அங்கே மட்டும் அது பலித்ததில்லை.

பன்னிரண்டாவது வருடம் அந்த அறையை வெளியார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். வந்தவர்கள் சான்றிதழ் கேட்டார்கள். அத்தானிடம் கை இருந்தது, காகிதம் இல்லை. எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகிற ஆண் வீட்டில் உட்கார்ந்தால் சுவர்கூடக் கேள்வி கேட்கும் என்பார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஆறு வாரம் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்விட்டு வந்து, "சொகுசுக் கப்பல்ல மசாஜ் வேலை. கடலைப் பாத்துக்கிட்டே சம்பாதிக்கலாம்" என்றார். ஒன்பது மாத ஒப்பந்தம்.

கடலை அவர் பார்த்ததே குறைவு. ஊழியர்கள் தூங்குகிற அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. இரண்டு அடுக்குக் கட்டில், ஒருவர் சட்டை மாட்டினால் இன்னொருவர் படுத்துக்கொள்ள வேண்டும். கூட இருந்தவன் முடிவெட்டுகிறவன். அவனைக் கப்பலில் 'கத்திரி' என்றார்கள். மசாஜ் செய்கிற ஸ்பா இருந்தது பன்னிரண்டாம் தளத்தில். காத்திருக்கும் கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, முன்னால் முழுக் கடல். ஆனால் சிகிச்சை அறைகள் உள்ளடங்கி இருந்தன. ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. மங்கலான விளக்கு. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து தொடங்கும் புல்லாங்குழல். "அந்தக் குழலை மட்டும் யாராவது நிறுத்தினா அவங்களுக்கு நான் ஆயுசுக்கும் இலவசமா அமுக்கி விடுவேன் மாப்ளே" என்று என்னிடம் ஒருமுறை போனில் சொன்னார்.

மாதச் சம்பளம் என்று கிடைத்தது பெயருக்குத்தான். விற்பனையில் வரும் பங்குதான் வருமானம். ஒரு மணி நேர மசாஜுக்குப் பயணிகள் கொடுத்த தொகை, என் அக்கா வீட்டு வாடகையில் பாதி. அதோடு விட்டார்களா? மசாஜ் முடிந்து, ஆள் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுத வேண்டும்: கடற்பாசிச் சேறு ஒரு டப்பா, எண்ணெய் இரண்டு புட்டி, ஐந்து நாள் தொடர் சிகிச்சை. அதற்குப் பெயர் 'பரிந்துரை'. காலை எட்டு மணிக் கூட்டத்தில் யார் எவ்வளவு விற்றார்கள் என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டப்படும். கடைசி மூன்று பெயர்களைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருப்பார்கள்.

அத்தான் பெயர் சிவப்பிலேயே இருந்தது. பெண்களுக்கு ஆண் கை வேண்டாம். ஆண்களுக்கும் ஆண் கை வேண்டாம். ஸ்பாவை நடத்திய மேடம் நல்ல மாதிரிதான். ஆனால் அவளுக்கு மேலே ஒருத்தி கரையில் உட்கார்ந்துகொண்டு தினமும் போன் செய்தாள். "இன்னொரு வாரம் இப்படியே போச்சுன்னா அடுத்த துறைமுகத்துல இறக்கி விடச் சொல்லிட்டாங்க. டிக்கெட் உங்க செலவு" என்றாள் மேடம். பாஸ்போர்ட் கப்பல் அலுவலகப் பெட்டியில் இருந்தது. டிக்கெட்டின் விலை, அதுவரை அவர் வீட்டுக்கு அனுப்பிய மொத்தப் பணம்.

அந்த வாரம்தான் அந்த அம்மாள் வந்தாள். முப்பது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அறுபது வயதுக்கு இந்தப் பக்கம். கடுகடுவென்ற முகம், கலகலவென்ற பேச்சு. ஓய்வு பெறுவதற்கு முன் ஒருமுறை என்று தங்கையோடு ஒன்பது நாள் பயணம் வந்திருந்தாள்.

"பொம்பளை ஆளுங்க யாரும் சும்மா இல்லையாம். ஆம்பளைன்னா பரவாயில்லையான்னு வரவேற்புல இருக்கற பொண்ணு கேட்டா. என் கழுத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதும்மான்னு சொல்லிட்டேன்" என்றபடி உள்ளே வந்தாள்.

உடல்நலக் கேள்விப் படிவத்தில் எல்லா நோய்க்கும் 'இல்லை' என்று குறித்திருந்தாள். மேலங்கியின் முடிச்சை அவிழ்க்க மட்டும் வெகுநேரம் திணறினாள். "வயசாச்சு, விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தாள். அத்தான் முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

அரை மணி நேரம் போன பிறகு, மசாஜ் மேசையின் தலைமாட்டுத் துளைக்குள் முகத்தை வைத்திருந்தபடியே கேட்டாள்: "தம்பி, உண்மையச் சொல்லு. இவ்வளவு காசுக்கு இது தகுமா? நீ தகும்னா நான் நம்பறேன்."

அத்தானுக்குச் சிவப்புக்கோடு கண்முன் வந்தது. "உங்க உடம்புக்கு நீங்களே செய்யற நல்லதும்மா. ஒரு நாள்ல தெரியாது, அஞ்சு நாள் செஞ்சா தெரியும்" என்றார். பயிற்சியில் மனப்பாடம் செய்த வரி. மசாஜ் முடிந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து, ஐந்து நாளுக்கும் சேற்று டப்பாவுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை அத்தான் பெயருக்குக் கீழே கோடு இல்லை.

இரண்டாம் நாள், "விரலெல்லாம் குறுகுறுங்குது தம்பி" என்றாள். "நச்சு வெளிய போகுதும்மா, நல்ல அறிகுறி" என்றார் அத்தான். அதுவும் மனப்பாடம்தான்.

மூன்றாம் நாள் கடற்பாசிச் சேறு. உடம்பெல்லாம் பூசி, வெள்ளித் தாளில் சுற்றி, மேலே கம்பளி போட்டு நாற்பது நிமிடம் கிடத்த வேண்டும். கை இரண்டும் உள்ளே. "என்னைப் பார்சல் கட்டிட்டியே, முகவரியும் எழுதிடு" என்றாள். மூக்கு அரித்தபோது அவரைத்தான் சொறியச் சொன்னாள். பிரித்துக் கழுவிக்கொண்டு வந்தவளிடம் தண்ணீர் நீட்டினார். டம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது.

"இப்ப அடிக்கடி இப்படி நழுவுது. நீதான் சொன்னியே, நச்சு போகுதுன்னு" என்றாள் அவள், சந்தோஷமாக.

அத்தான் தன் இரண்டு கைகளையும் நீட்டி, "ரெண்டு கையாலயும் என் விரலைப் பிடிச்சு அழுத்துங்கம்மா, பலமா" என்றார். இடது கை இடுக்கி போலப் பிடித்தது. வலது கை பிடித்ததே தெரியவில்லை.

"தலையைக் குனிஞ்சா முதுகுல சுரீர்னு கரண்ட் அடிக்குதா?"

"அட, எப்படிக் கண்டுபிடிச்ச?"

இப்படிப்பட்டவர்களை அவர் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார். கழுத்தெலும்புக்குள் நரம்பு நசுங்கிக் கிடக்கும். அவர்கள் கழுத்தில் கை வைக்கவே பெரிய டாக்டர் விடமாட்டார். அந்தக் கழுத்தைத்தான் இரண்டு நாளாகக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். அன்று மிச்ச நேரம் முழுக்கப் பாதத்துக்கு மட்டும் எண்ணெய் தடவி அனுப்பிவிட்டார்.

மறுநாள் கப்பல் துறைமுகத்தில் நின்றது. அந்த அம்மாள் தங்கையோடு ஊர் சுற்றப் போய்விட்டாள். பாதுகாப்புக்குக் கப்பலிலேயே இருக்க வேண்டியவர்கள் பட்டியலில் அத்தான் பெயர். கீழே இரும்பு நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அறைக்கு வந்து கத்திரியிடம் சொன்னார்.

"நீ டாக்டரா?" என்று கேட்டான் கத்திரி.

"இல்ல."

"டாக்டர்னு காகிதமாவது இருக்கா? பேசாம இன்னும் ரெண்டு நாள் காலை அமுக்கி விட்டு அனுப்பு. கரைக்குப் போனா அவங்க பாடு."

"வேன் ஓட்டறவங்கப்பா. பின்னால பிள்ளைங்க உக்காந்திருக்கும்."

கத்திரி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த நாள் அவள் வந்ததும் அத்தான் படுக்கச் சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டினார். சுவர் மெல்லியது என்பதால் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார்: இது நச்சு இல்லை, கழுத்து நரம்பாக இருக்கலாம், கப்பல் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும், இனி யாரையும் கழுத்தைத் தொட விடக் கூடாது.

அவள் தன் வலது கையை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

"முதல் நாளே தெரிஞ்சுதா உனக்கு?"

"முடிச்சை அவுக்க முடியாம நின்னீங்க. பாத்தேன். அப்ப யோசிச்சிருக்கணும்."

"பாத்துட்டு அஞ்சு நாளைக்குக் கையெழுத்து வாங்கின."

"ஆமாம்மா."

"நான் உன்னைக் கேட்டேன் தம்பி. நம்பறேன்னு சொல்லித்தான் கேட்டேன்."

அவள் அங்கியோடே வரவேற்பு மேசைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டாள். கண்ணாடிக் கூடத்தில் பத்துப் பேர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வேன் நிறையப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். அத்தனை பேரும் திரும்பினார்கள். மேடம் ஓடிவந்தாள். மிச்ச நாளுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சேற்று டப்பாவைத் திறந்துவிட்டதால் அது மட்டும் இல்லை என்றார்கள்.

"நோய் கண்டுபிடிக்க நீங்க யாரு? நாளைக்கு அவங்க கேஸ் போட்டா நானா பதில் சொல்றது?" என்று மேடம் கத்தினாள். பிறகு உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னது சரிதான். முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" அன்றிலிருந்து அத்தானுக்கு மசாஜ் மேசை கிடையாது. ஐந்தாம் தளத்து லிஃப்ட் வாசலில் விளம்பரத் தாள்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு பத்து மணி நேரம் நிற்க வேண்டும். சிரித்த முகமாக.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழி அதுதான். அந்த அம்மாள் ஒரு நாளைக்கு நான்கு தடவை அவரைக் கடந்து போனாள். மறுநாள் முதல் கழுத்தில் வெள்ளைப் பட்டை. கப்பல் டாக்டர் போட்டது. தலையைத் திருப்ப முடியாது. திருப்ப முடிந்திருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள். தங்கைதான் முறைத்துக்கொண்டு போனாள்.

"வீட்ல சண்டைன்னா தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம் மாப்ளே. கப்பல்ல எங்க போறது? மேல போனா ஸ்பா, கீழ போனா கட்டில், நடுவுல அந்தம்மா" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

கடைசி நாள் காலை. இறங்குகிற வரிசை லிஃப்ட் வரை நீண்டிருந்தது. அந்த அம்மாள் அவர் முன்னால் வந்து நின்றாள். "பையை இடது தோள்ல மாட்டி விடு. வலது பக்கம் எதுவும் தூக்கக் கூடாதாம். ஊருக்குப் போனதும் ஸ்கேன் எடுக்கணுமாம்" என்றாள். மாட்டிவிட்டார். படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் போனாள். பகல் பன்னிரண்டு மணிக்கு அடுத்த பயணத்துக்கு ஆட்கள் ஏறினார்கள். அத்தான் அதே இடத்தில் தட்டோடு நின்றார்.

மூன்று வாரத்தில் இரண்டு பெண்கள் வேலையை விட்டுப் போனதால் அவருக்கு மேசை திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு யார் வந்தாலும் முதலில் இரண்டு கையையும் பிடித்து அழுத்தச் சொன்னார், குனியச் சொன்னார், நாலு கேள்வி கேட்டார். மூன்று பேரைத் தொடாமலே டாக்டரிடம் அனுப்பினார். ஆனால் விஷயம் வேறு மாதிரிப் போயிற்று. இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் எல்லோரும் எழுதியதை எல்லாம் வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் பட்டியலில் அவர் பெயர் மேலே ஏறிவிட்டது. மேடம் அதைக் கவனித்தாள், கரையிலிருந்தவளும் கவனித்தாள். விளம்பரத் தாளில் புதிதாக ஒரு வரி ஏறியது: 'கைப்பிடிப் பரிசோதனை இலவசம்.' எல்லோரும் அதைச் செய்ய வேண்டும் என்று உத்தரவு. மற்ற மசாஜ் ஆட்களுக்கு எதற்காக அழுத்தச் சொல்கிறோம் என்றே தெரியாது. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பரிந்துரைத் தாளை எடுத்தார்கள்.

"அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலையா அத்தான்?" என்று கேட்டேன்.

"கொடுத்தேன். பலம் குறைஞ்சா அனுப்பிடுங்கன்னேன். அனுப்பினா அவங்க பேரு சிவப்புல வருமே."

ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஏழு கிலோ இளைத்திருந்தார். பழைய ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டார். அதே பதில். அந்தச் சமயம் எங்கள் அலுவலகத்தில் மூன்று குடும்பமாகக் கப்பல் பயணம் போகத் திட்டமிட்டோம். ஸ்பாவுக்குக் காசு செலவழிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"நீராவி அறைக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் மட்டும் சீட்டு வாங்கு. கடலும் தெரியும், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டாங்க. மசாஜ் வேணும்னா கப்பல் துறைமுகத்துல நிக்கற அன்னைக்குப் போ, விலை குறைவு. சேறு, நச்சு அப்படின்னு பேச்சு வந்தா எழுந்து வந்துடு. படுத்துக்கிட்டு மட்டும் எதுலயும் கையெழுத்துப் போடாத."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "ஊருக்கே இவ்வளவு தெளிவா சொல்றீங்க. நீங்க எதுக்கு மறுபடி போறீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அடுத்த ஒன்பது மாதத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று. இந்தத் தடவை மூத்த சிகிச்சையாளர் பதவி. இரண்டு பேருக்கு ஒரே அறை என்பது மட்டும் மாறாது. அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பெரிய மகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சேர்க்கை இருபத்தி மூணாம் தேதி முடியுது, அதுக்குள்ள ஃபீஸ் கட்டணும்னு போட்டிருக்கு" என்றார். அக்கா மடித்த வெள்ளைச் சட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.