மாவுக்கட்டும் ரெக்ஸின் ஸீட்டும்

ஆபீஸ் மாடிப்படியை அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான்கு படி சறுக்கி விழுந்ததில் இடது முழங்காலுக்கு மேலே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மாஹிமில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிறகு, தொடையிலிருந்து கால்விரல்வரை போட்ட மாவுக்கட்டோடு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எண்பதுகளின் நடுவில், ஒரு மே மாதம். எங்கள் வீடு செம்பூரில்.

காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். டாக்டர் வந்து கையெழுத்துப் போடும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஆம்புலன்ஸ் வெளியே போயிருந்தது. காத்திருப்பது என் கணவருக்கு எப்போதுமே ஆகாது.

"டாக்ஸிலயே போயிடலாம். அரை மணி நேரம்தானே" என்றார்.

இரண்டு வார்டு ஆட்களும் அவருமாகச் சேர்ந்து என்னைப் பின்ஸீட்டுக்குள் தள்ளினார்கள். ஏற்றினார்கள் என்று எழுத மனசு வரவில்லை. முதுகு வலப்பக்கக் கதவில் சாய்ந்தது. கட்டுப் போட்ட கால் ஸீட்டின் முழு நீளத்துக்கும் நீண்டு, பாதம் எதிர்க்கதவில் போய் முட்டியது. வலது காலை மட்டும் கீழே தொங்கவிட முடிந்தது. ஸீட் கறுப்பு ரெக்ஸின். அதுவரை வெயிலில் நின்ற வண்டி. நூல்புடவையையும் உள்பாவாடையையும் தாண்டிச் சுட்டது. "சுடறதே" என்றேன். "வண்டி கிளம்பினா காத்து வரும்" என்றார், முன்ஸீட்டில் ஏறிக்கொண்டே.

காற்று வந்தது, தாராவி வரைக்கும். அங்கே எஞ்சினிலிருந்து ஒரு சத்தம், அப்புறம் புகை. டிரைவர் வண்டியை இடது ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பெல்ட் டூட் கயா" என்றார். எஞ்சின் விசிறியைச் சுழற்றும் பெல்ட் அறுந்துவிட்டது. அறுந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே அளவில் ஒன்று தேடிவர நடந்து போய்விட்டார்.

நாங்கள் நின்ற இடத்தில் மரம் இல்லை. நிழல் என்று ஒன்று, எதிர்வரிசைக் கடைகளின் தகரக்கூரைக்கு அடியில் ஒரு முழத்துக்கு விழுந்து கிடந்தது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைச் சுற்றி இறக்கும் கைப்பிடியே காணோம். கண்ணாடி மூடியபடியே இருந்தது. திறந்திருந்த ஜன்னல்கள் வழியே வந்ததும் காற்று அல்ல, தார் ரோட்டின் அனல்.

கணவர் எக்ஸ்ரே உறையால் கொஞ்ச நேரம் விசிறினார். பிறகு ரோட்டில் நின்று வேறு டாக்ஸிகளைக் கைகாட்டினார். இரண்டு நின்றன. டிரைவர்கள் எட்டி என் காலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் சம்மதித்திருந்தாலும் என்னை யார் வெளியே இழுத்து, யார் மறுபடி உள்ளே நுழைப்பது?

"எங்கயாவது ஃபோன் பண்ணி ஆபீஸ் வேன் கிடைக்குமான்னு பாக்கறேன். பத்து நிமிஷம்" என்றார்.

"என்னைத் தனியா விட்டுட்டா?"

"பகல்தானே. யார் என்ன பண்ணிடுவா?"

யாரும் எதுவும் செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மனிதர்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, பார்த்திருக்கக் கூடாதோ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதுகு ரெக்ஸினோடு ஒட்டிக்கொண்டது. அசைந்தால் தோல் உரிவதுபோல் ஒரு சத்தம், அசையாவிட்டால் வியர்வை தேங்கி எரிச்சல். எல்லாவற்றையும்விட மோசம், மாவுக்கட்டுக்குள் ஆரம்பித்த அரிப்பு. கெண்டைக்காலில் ஒரு புள்ளியாகத் தொடங்கி மேலே ஏறியது. கட்டின்மேல் நகத்தால் சுரண்டினேன், குத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைச் சொறிவதுபோல இருந்தது. கதவைத் திறக்கவும் முடியாது. திறந்தாலும் எங்கே போவேன்? வாய்விட்டு அழுதேன். அழுதால் இன்னும் சூடாகிறது என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

எதிரே சாக்கு தைக்கும் கடை ஒன்று இருந்தது. கிழிந்த கோணிகளை வாங்கி, ஒட்டுப்போட்டு விற்பவர்கள். அங்கே தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஊசியைக் கோணியிலேயே குத்திவிட்டு எழுந்து வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். தலையில் முக்காடு.

"ஏம்மா, நீங்க தமிளா? அளுதது தமிள் மாரி கேட்டுச்சி" என்றாள்.

அழுகையில்கூடவா பாஷை தெரியும்? நான் 'அம்மா' என்று அழுதிருக்கிறேன் போல.

"ஆமா. அவர் ஃபோன் பண்ணப் போயிருக்கார். இப்ப வந்துடுவார்."

"அவிய வரும்போ வரட்டும். அதுக்குள்ள நீங்க வெந்துருவிய. தண்ணி கொண்டாரட்டா?"

"வேண்டாம்."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன்பே பாத்ரூம் போயிருக்க வேண்டியது, அவசரத்தில் போகவில்லை, அடிவயிறு கனத்துக்கொண்டிருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பத்து வருஷமாகத் தாராவி வழியாக பஸ்ஸில் போய்வந்தவள். ஒரு தடவையும் அங்கே இறங்கியதில்லை. அந்த வீட்டுத் தம்ளரில் குடிப்பதா என்று எனக்குள் ஒன்று கேட்டது. இந்த வெயிலிலும் கேட்டது.

அவள் திரும்பிப் போனாள். இரண்டு பெரிய கோணிகளை எங்கோ நனைத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிவந்து வண்டியின் கூரைமேல் விரித்தாள். "துணி அலசுன தண்ணிதான், நல்ல தண்ணி இல்ல" என்றாள், தண்ணீரை வீணாக்கியதற்குச் சமாதானம் சொல்வதுபோல. கொஞ்ச நேரத்தில் தலைக்குமேல் இருந்த அனல் இறங்கியது. பிறகு ஒரு பழைய புடவையை நாலாக மடித்து வந்து, முன்ஸீட்டில் முழங்காலிட்டு, "முன்னால சாயுங்க" என்று என் தோளைப் பிடித்து, முதுகுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் திணித்தாள்.

"கட்டுக்குள்ள அரிக்குதா?"

"உயிர் போறது."

பக்கத்து சைக்கிள் கடைக்குப் போய் ஒரு பம்ப் வாங்கிவந்தாள். தொடைப்பக்கம் மாவுக்கட்டுக்கும் தோலுக்கும் இருந்த இடுக்கில் அதன் ரப்பர் குழாயை வைத்து அடித்தாள். உள்ளே, காலின் நீளத்துக்கும், காற்று இறங்கியது. அதுபோன்ற ஒரு சுகத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. மறுபடி அழுதேன், இது வேறு அழுகை.

தண்ணீர் கேட்டுக் குடித்தேன், இரண்டு தம்ளர். பம்ப் அடித்து அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது. "நீங்களும் குடிங்களேன்" என்றேன்.

"எனக்கு நோம்புல்லா" என்றாள்.

ரமலான் மாதம் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. அவள் விடியுமுன்பிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவள். காலித் தம்ளரை அவள் கண்ணில் படாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஒண்ணுக்குப் போணுமோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முடியாது. இங்க எப்படி?"

"ஏன் முடியாது? நான் மூணு பெத்தவ. எங்கிட்ட என்ன வெக்கம்?"

வீட்டுக்குப் போய், வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் தன் வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்தாள். அதை ரோட்டுப்பக்கம் முழுதும் மூடும்படி வண்டிமேல் போட்டு, நுனிகளைக் கோணிக்கு அடியில் செருகினாள். மற்ற ஜன்னல்களைக் காய்ந்த கோணிகள் மறைத்தன. இடக்கதவைத் திறந்து, அந்தத் திறப்பிலும் ஒரு கோணியைத் தொங்கவிட்டு, நீட்டிய என் காலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, வாயகன்ற ஒரு தகரடப்பாவை வைத்து, தன் தோளில் என் எடை முழுவதையும் தாங்கினாள். ஊர் நடுவில், கூச்சலும் ஹாரனும் சுற்றிக் கேட்க, அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் நாங்கள் இருவர். முதலில் வரவே இல்லை. "அவசரமில்ல, மெதுவா" என்றாள்.

அப்போதுதான் என் கணவர் திரும்பி வந்திருக்கிறார். தூரத்திலிருந்து அவர் கண்டது, வெள்ளைத் துணி போர்த்திய டாக்ஸியையும் அதை வேடிக்கை பார்த்து நின்ற நாலைந்து பேரையும். ஓடிவரும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் என் பெயரைச் சொல்லிக் கத்துவதும் கேட்டது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் வெளியிடத்தில் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அங்கனயே நில்லுங்க!" என்று இவள் உள்ளேயிருந்து அதட்டினாள். "உள்ள பொம்பளயாளு இருக்கு."

"அவ என் பெண்டாட்டி!"

"இருக்கட்டும். ரெண்டு நிமிசம் நிக்க ஏலாதோ?"

காத்திருக்கத் தெரியாத மனிதர் வெயிலில் நின்றார். "எனக்கு ஒண்ணுமில்லை, இருக்கேன்" என்று நான் குரல்கொடுத்தேன். டப்பாவை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு அவள் போனபிறகு ஜன்னலில் அவர் முகம் வந்தது. வேன் கிடைக்கவில்லை என்று சொல்ல வந்து, அதைச் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கோபமாகத்தான் இருந்தேன். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

டிரைவர் பெல்ட்டோடு வந்து மாட்டி முடிக்க இன்னும் முக்கால் மணி ஆனது. அவ்வளவு நேரமும் கணவர் ஒரு வாளி வைத்துக்கொண்டு, அவள் காட்டிய டிரம்மிலிருந்து மொண்டு கோணிகளை நனைத்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது அவளிடம் "வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பரில் நான் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு அந்த ரோட்டில் இறங்கி, சாக்குக்கடை முன்னால் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "யாரு வேணும்?" என்றாள். நான் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இம்புட்டு உசரமா?" என்று வாயில் கைவைத்துச் சிரித்தாள். "நின்னு பாத்ததே இல்லல்லா!"