ஆயிரத்து எண்ணூறு கிராம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் எல்லோருக்கும் அந்த நர்ஸ் சிஸ்டர்தான். எங்கள் வீட்டில் மட்டும் கிராம் அக்கா. அந்தப் பெயருக்குக் காரணம், என் வீட்டுக்காரர் அவசரப்பட்டுக் கூட்டி வந்த ஒரு வாடகைக் கார்.

என் மகள் ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒன்றரை கிலோகூட இல்லை. "ஒண்ணு பாயின்ட் எட்டு கிலோ வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். என் உயிர் அந்த எட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் பெயிண்டர். நகத்திடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். முழங்கை வரை தேய்த்துக் கழுவினால்தான் அக்கா உள்ளே விடுவார். ஒரு வியாழக்கிழமை காலை கழுவாத கையில் புதுப் போர்வையோடு, வாயெல்லாம் பல்லாக வாசலில் வந்து நின்றார் மனுஷன்.

"வண்டி வெளிய நிக்குது. கெளம்பு."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். எட்டு வந்தாப் போதும்னாங்க இல்ல? போன்ல கேட்டேன். பாப்பா இப்போ ஒண்ணு பாயின்ட் அறுபத்தஞ்சாம். எட்டு எங்க, அறுபத்தஞ்சு எங்க!"

நானும் நம்பினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாவது வரை படித்தவள்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. துணிகளைப் பையில் திணிக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். இருபத்தாறு வருடமாக நின்று நின்று கால் வீங்கி, ஓர் அளவு பெரிய செருப்புதான் போடுவார். சரக் சரக்கென்று அது முதலில் வரும், அவர் பின்னால் வருவார். விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷமாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு பாயின்ட் எட்டு லிட்டர் பெயிண்ட்ல எத்தனை மில்லி இருக்கும்?"

"ஆயிரத்து எண்ணூறு."

"ஒண்ணு பாயின்ட் ஆறு அஞ்சுல?"

"ஆயிரத்து அறுநூத்தி..." அங்கேயே நின்றுவிட்டது அவர் வாய்.

"அம்பது" என்று அக்கா முடித்து வைத்தார். "லிட்டருக்கு மில்லி மாதிரிதான் கிலோவுக்கு கிராம். ரெண்டுக்கும் ஆயிரம்தான். பாப்பா இன்னும் நூத்தம்பது கிராம் ஏறணும்."

முகம் தொங்கிவிட்டது அவருக்கு. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "பெயிண்ட் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்கு மேலயே இருக்கும் சிஸ்டர்."

"சரிப்பா. உன் பொண்ண நான் பெயிண்ட்ல நிறுக்கல."

கார் வெறுமனே திரும்பிப் போனது. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அக்கா அங்கேயே நின்றிருந்தார். "தப்பு எங்க மேலதாம்மா. பெத்தவங்ககிட்ட பாயின்ட் வச்சுப் பேசியிருக்கக் கூடாது."

அன்றிலிருந்து எனக்குக் கிலோவே கிடையாது. காலையில் எடை பார்த்ததும் என் கட்டிலுக்கு வந்து, "பதினெட்டு கிராம் போட்டிருக்கா உன் மக" என்பார். கேஸ் ஷீட்டில் அது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று எட்டு. பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பதினெட்டு என்று கேட்டால் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவேன். ஒரு நாள் மூன்றுதான். அதையும் பதினெட்டைச் சொன்ன அதே குரலில் சொன்னார். இத்தனைக்கும் அவர் வீட்டில் ஒரு தராசு கிடையாதாம், உப்பு முதற்கொண்டு எல்லாம் கைக்கணக்குதானாம்.

கார் திரும்பிப் போன ஒன்பதாம் நாள் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து.

"அஞ்சு கிராம்தானே அக்கா, சேர்த்து எழுதிடுங்களேன்" என்று கெஞ்சினேன். என் வீட்டுக்காரருக்கு மூளை வேறு பக்கம் ஓடியது. "ஒரு வேளைக்கு முப்பது மில்லி பால் குடிக்கிறா. குடிச்ச உடனே தராசுல வச்சா முப்பது கிராம் ஏறிடுமே சிஸ்டர்!"

"கணக்கு சொல்லிக் குடுத்தா கள்ளக்கணக்கா போடற நீ?" அக்கா சிரித்தேவிட்டார். ஆனால் அசையவில்லை. "வயித்துல இருக்கற பால் உடம்புல ஒட்டட்டும். ஒரு நாள் பொறுங்க."

கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். அன்று முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ வேலை நேரம் முடிந்த பிறகும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்ட உதவிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பால் கொடுப்பதற்கு முன், துணியெல்லாம் கழற்றி, தராசில் வைத்தார். அவர் முதுகு எண்ணை மறைத்தது. திரும்பாமலே, "ஒண்ணு பாயின்ட் எட்டு ரெண்டு" என்றார்.

பாயின்ட் என்றதும் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கழுவிய கையை முன்னால் நீட்டியபடி, உதடு மட்டும் அசைய, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்து... எண்ணூத்தி இருபது." குரல் உடைந்துவிட்டது. "சரியா சிஸ்டர்? சரிதானே?"

"சரிதான். அழுதது போதும், வண்டி எங்க?"

என் வீட்டுக்காரர் இந்த முறை வண்டிக்குச் சொல்லவே இல்லை. பட்ட அவமானத்துக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஈரக் கையோடு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். படிக்கட்டு முழுக்கச் சத்தம் கேட்டது.

நான் பாப்பாவை வாங்கக் கை நீட்டினேன். அக்கா தரவில்லை.

"இத்தனை நாளும் தராசுல வைக்கறதுக்குத்தான் தூக்கியிருக்கேன்" என்றார். "வண்டி வர்ற வரைக்கும் நான் வச்சுக்கட்டுமா?"