குவைத்திலிருந்து ஐந்து மணித்தியாலம்

குவைத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கிற நேரம் ஐந்து மணித்தியாலம், கூடவே சில நிமிடம். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்லித்தான் அப்பாவின் வாயை அடைத்தேன்.

"கொழும்புல வேலைன்னா அம்மாவ விடுவீங்கதானே? குவைத்தும் அவ்வளவு நேரந்தாம்ப்பா."

கேம்பஸில் படிக்க இடம் கிடைத்த திமிர். அப்பா நம்பினார். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்.

எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் லயத்து வரிசை வீடுகளில் பாதி வேனில் ஏறிக் கூட்டிவரப் போகும். மூன்று வருடம் முடிந்து திரும்பும் அம்மா, "யாரும் வரவேணாம், நானே பஸ் ஏறிருவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. திடீரென்று முன்னால் போய் நின்று அசத்தலாம் என்று, விடிகாலை பஸ்ஸில் தனியாகக் கிளம்பிவிட்டேன். அப்பா வீட்டில் கோழி அடித்துக்கொண்டிருந்தார்.

விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் என் போனில் இருந்தது. மஞ்சள் நிறத்தில் குட்டி விமானம். விமான நிலைய வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வட்டகொடையிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி, அதே விமானத்தில் வரும் மகளுக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, இப்ப எங்க வருது?"

"அரபிக்கடல்ல, ஆன்ட்டி. முப்பத்தேழாயிரம் அடி."

"அம்மாடி! கீழ பாத்தா மயக்கம் வராது?"

"ஏசில தூங்கிட்டு வருவாங்க, ஆன்ட்டி."

நடுவில் குவைத் நம்பர் ஒன்று அழைத்தது. தெரியாத நம்பர். கட் பண்ணினேன். மறுபடி வந்தது. மறுபடி கட். அம்மாவே வானத்தில் இருக்கும்போது குவைத்திலிருந்து எனக்கு எவன் எடுப்பான்? மூன்றாவது முறையும் கட் பண்ணிவிட்டு, ஆன்ட்டிக்கு ஆப்பில் கொச்சிக் கரையைக் காட்டினேன்.

விமானம் இறங்கியது. ஆன்ட்டியின் மகள் பெரிய பெட்டியோடு வந்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர்கள் வேன் போய்விட்டது. பிறகு ஆட்கள் குறைந்தார்கள். கடைசியாக விமானப் பணிப்பெண்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

அப்போதுதான் அந்த நம்பருக்கு எடுத்தேன்.

"சாமி..." அம்மாவின் குரல். "பக்கத்து வீட்டுப் புள்ளயோட போனுப்பா. மேடம் விடல. புது ஆள் வர்ற வரைக்கும் இருக்கணுமாம். பாஸ்போட்டு அவகிட்டதான். இன்னும் மூணு மாசமாம்."

பணிப்பெண்கள் வெளியே வந்த கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ எங்க இருக்க? கட்டுநாயக்கவுக்கு வந்துட்டியோன்னு உசுரே போச்சு. அதான் திரும்பத் திரும்ப எடுத்தேன்."

"இல்லம்மா. வீட்லதான் இருக்கேன்."

பின்னால் ஒலிபெருக்கியில் அடுத்த விமானத்தின் பெயரைச் சொன்னார்கள்.

"அது என்ன சத்தம்?"

"டீவிம்மா."

"சாப்டியா?"

"சாப்ட்டேன். அப்பா கோழி வச்சிருக்காரு."

லைன் கட்டானது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து மணிக்கொரு தரம் எடுத்துக்கொண்டிருந்த அப்பா மறுபடி எடுத்தார். கொண்டாட்டமான குரல்.

"என்னப்பா, எறங்கிட்டாங்களா? பஸ் ஏறிட்டீங்களா? சோறு எப்ப வைக்க?"

ஆப்பில் அந்த மஞ்சள் விமானம் இன்னும் கட்டுநாயக்கவில் நின்றது.

"எனக்கு மட்டும் வைங்கப்பா," என்றேன்.

அப்பா சட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நீ பாத்து வா," என்றார்.