மூன்றாம் தண்ணீர் வரை

என் மனைவியின் அப்பா செத்துப்போன சேதி எனக்குக் காலை ஒன்பது மணிக்கே தெரியும். அவளிடம் நான் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது ஒரு குற்றம். அதோடு நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

எழுத எனக்கு வராது. ஏழாவதோடு படகில் ஏறியவன். பேச்சும் கம்மி. ஆனாலும் ஏழு வருஷமாக இது உள்ளேயே கிடக்கிறது… நீங்கள் யாரோ. என்னை அறியாதவர். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. நான் வீட்டில் இருந்தேன். என் மகள் தாரணிக்கு நாலு வயது. ஒரு நாள் காலையில் அவள் வயிற்றில் இரண்டு கொப்புளம் தெரிந்தது. மறுநாளுக்குள் முதுகு, கழுத்து, காதுமடல் எங்கும் முத்து முத்தாக!

பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா வாசலோடு நின்று எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அம்மா வந்துட்டாடா. தாளிக்காதீங்க. தல வாராதீங்க. மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போவ வேணாம். சாவு வூட்டுப் பக்கம் தல வெச்சே படுக்கக் கூடாது. போனா, போனவங்க திரும்ப இந்த வாசப்படி ஏறக் கூடாது. தெரிதா?”

“தெரிதுக்கா.”

நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டுப் போனாள். அந்தக் கொத்தைப் பார்த்தால் எங்கள் தெருவில் யாரும் படி ஏற மாட்டார்கள். இளநீரும் மோரும் அக்காவே வாங்கி வாசலில் வைப்பாள். நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

ஒரே அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. சித்திரை வெயில். கீழே வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி, பாப்பாவைப் படுக்க வைத்திருந்தோம். என் மனைவி கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் வருடிக்கொண்டே இருப்பாள். கை நின்றால் பாப்பா அழும். கஸ்தூரி தூங்கவே இல்லை.

நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே போவது?

மூன்றாம் நாள் கஸ்தூரி குளிக்கப் போனாள். பத்து நிமிஷம். பாப்பாவை என்னிடம் விட்டுப் போனாள். நமைச்சல் தாங்காமல் பாப்பா கையைத் தூக்கினாள். நான் கையைப் பிடித்தேன். திமிறினாள். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வலைக்கயிறு இழுக்கும் கை இது. அளவு தெரியவில்லை. “நீ வேணாம்! நீ வேணாம்!” என்று அலறினாள். ஒரு கை விடுபட்டு நெற்றியில் ஒரு முத்தைப் பிய்த்துவிட்டது. ரத்தம் வழிந்தது.

கஸ்தூரி ஈரத்தோடு ஓடி வந்தாள்.

“பத்து நிமிசம் புள்ளயப் பாத்துக்கத் தெரில. நீயெல்லாம் கடல்ல போயி என்னத்தப் புடிக்கிற?”

எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. புயலில் மாட்டி இரண்டு நாள் கரை தெரியாமல் கிடந்திருக்கிறேன். அப்போதுகூட இப்படி நடுங்கவில்லை… நாலு வயதுப் பிள்ளையின் அழுகைக்கு நடுங்கினேன்.

நாலாம் நாள் காலை போன் வந்தது. அப்போது வீட்டில் ஒரே போன்தான். அது என் சட்டைப் பையில் இருக்கும். எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கஸ்தூரியின் தம்பி சேகர்.

“மாமா… அப்பா போயிட்டாரு மாமா. காத்தால டீ குடிச்சிட்டு உக்காந்தவருதான். அக்காகிட்ட குடுங்க.”

என் மாமனாருக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை. மாமியார் எப்போதோ போய்விட்டார். பாப்பாவுக்கு மூன்று வயதானபோது ஒரு மூன்று சக்கரச் சைக்கிளைப் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டு வந்தவர் அவர். அதில் பெரிய சைக்கிள் மணியாகப் பூட்டிக் கொடுத்தார். என்னிடம் ஒருநாளும் முகம் கோணியதில்லை.

“அவ பாப்பாகிட்ட இருக்கா மச்சான். பாப்பாவுக்கு அம்ம போட்டிருக்கு. நா சொல்றேன்.”

“நாலு மணிக்கு எடுக்குறோம். அக்கா வந்து மொகம் பாத்தப்புறம்தான் எடுப்போம். கெளம்பச் சொல்லுங்க.”

உள்ளே வந்தேன். கஸ்தூரி வருடிக்கொண்டிருந்தாள். ஏதோ தாலாட்டு முனகினாள். சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் போனால் திரும்ப வர முடியாது. மூன்றாம் தண்ணீர் ஒன்பதாம் நாள். ஐந்து நாள்! இந்த அறையில், இந்தப் பிள்ளையோடு, நான் மட்டும்…

வாயை மூடிக்கொண்டேன்.

அம்மனுக்குப் பயந்தா? பிள்ளைக்காகவா? அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. என் பயம். வெறும் என் பயம்.

பன்னிரண்டு மணிக்குச் சேகர் திரும்பக் கூப்பிட்டான்.

“சொல்லிட்டீங்களா மாமா? கெளம்பிட்டாளா?”

“சொல்லிட்டேன்.” என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. “வரலங்குறா. அம்மா உக்காந்திருக்கா, இத்த வுட்டுட்டு வர மாட்டேன்னுட்டா.”

அவனுக்குப் பின்னால் பறை அடிப்பது மட்டும் கேட்டது.

“அக்காவா அப்பிடிச் சொன்னா?”

“ம்.”

“போன அவகிட்ட குடுங்க.”

“பேசுற நெலமைல இல்ல மச்சான்.”

இதுதான் நான் செய்தது. சேதியை மறைத்தது மட்டுமல்ல. அவள் வாயில் ஒரு பேச்சை வைத்தேன். அவள் கனவிலும் பேசாத பேச்சு!

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

ஒரு மணி வாக்கில் கஸ்தூரி உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள். வருடும் கை நின்றது. பாப்பா விழித்தாள். முகம் சுளித்தது. கை நெற்றிக்குப் போனது. சுற்றிப் பார்த்தேன். மூலையில் அந்த மூன்று சக்கரச் சைக்கிள் நின்றது. எழுந்து அதன் மணியைக் கழற்றினேன். பாப்பாவின் கையில் கொடுத்தேன்.

“சொறியணும்போல இருந்தா இத்த அடி. எங்கன்னு சொல்லு. அப்பா அங்க வருடுறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். ஒரு அடி அடித்தாள்.

“இங்க.”

வயிற்றில் வருடினேன். மணி.

“இங்க.”

முட்டியில். மணி. குதிகாலில். மணி. காதுக்குப் பின்னால். தப்பான இடத்தில் வருடினால் “ஐய, அங்க இல்ல, லூசு அப்பா” என்று சிரித்தாள். அம்மை போட்ட பிறகு அன்றுதான் முதல் சிரிப்பு. கை கொப்புளத்துக்குப் போகவே இல்லை. மணியிலேயே இருந்தது.

கஸ்தூரி கண் விழித்தாள். கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தாள்.

“அட… ஒங்கிட்டகூட இருக்குறாளே!”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றே முக்கால். சிதம்பரத்துக்குப் பஸ் ஒன்றேகால் மணி நேரம். நாலு மணிக்குத்தான் எடுக்கிறார்கள். பிள்ளை என்னிடம் இருப்பாள். எனக்குத் தெரிந்துவிட்டது. எதற்குப் பயந்தேனோ அது இல்லவே இல்லை. வழி திறந்துதான் கிடந்தது!

ஆனால் பன்னிரண்டு மணிக்கு நான் பேசிவிட்டேனே… இவள் அங்கே போய் இறங்கினால் சேகர் என்ன கேட்பான்? “வரலன்னு சொன்னியாமே” என்பான். இவள் “எப்ப சொன்னேன்” என்பாள். அவ்வளவுதான்.

பிள்ளைக்குப் பயந்து ஒரு பொய். அந்தப் பொய்க்குப் பயந்து மீதி எல்லாம். என் கையாலேயே கதவைச் சாத்தி நானே உள்ளே நின்றேன்.

அப்போது கஸ்தூரி சொன்னாள்:

“எங்கப்பா பூட்டுன மணி. அதான் புள்ள அடங்குது. அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் குடேன்… இவ அடிக்கிறத கேக்கட்டும். சந்தோசப்படும்.”

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த நொடியிலாவது சொல்லியிருப்பீர்கள். எவனும் சொல்லியிருப்பான்.

“சார்ஜ் இல்ல” என்றேன்.

சட்டைப் பையில் போன் சூடாக இருந்தது. பாப்பா மணி அடித்துக்கொண்டே இருந்தாள். மூன்று மணி ஆயிற்று. நாலு மணி ஆயிற்று. கஸ்தூரி இளநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதியைப் பாப்பாவுக்குப் புகட்டினாள். நான் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வருடினேன்.

ஐந்தரைக்குச் சேகர் கூப்பிட்டான். கொல்லைக்குப் போய் எடுத்தேன்.

“எடுத்துட்டோம் மாமா. அஞ்சு மணி வரைக்கும் பாத்தோம். எப்பிடியும் வருவான்னு பாத்தோம்.”

வைத்துவிட்டான்.

சாவு வீட்டிலிருந்து அம்மை வீட்டுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். வந்து கேட்க வழியில்லை. என் பொய்க்கு அந்த வேப்பிலைக் கொத்தே காவல் இருந்தது.

ஒன்பதாம் நாள் மூன்றாம் தண்ணீர் ஊற்றினோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பாப்பா குண்டானில் கையை விட்டு அடித்துக் குதித்தாள். உடம்பெல்லாம் பொருக்கு உதிர்ந்திருந்தது. அக்கா வந்து நிலையிலிருந்த கொத்தை எடுத்தாள். கஸ்தூரி முதல் தடவையாகத் தலை வாரினாள்.

சீப்பு கையில் இருக்கும்போதே சொன்னேன்.

அவள் அழவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள்.

“என்னிக்கு?”

“அஞ்சு நாளு ஆச்சு.”

“ஒனக்கு எப்ப தெரியும்?”

“இன்னிக்குத்தான். இப்பதான் போன் பண்ணான்.”

“அஞ்சு நாளா எனக்குச் சொல்ல வேணாம்னு யாரு சொன்னது?”

“ஒன் தம்பிதான். அம்ம போட்ட வூடு, சொல்ல வேணாம்னு…”

இரண்டாவது பெரிய பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது!

அதன்பிறகுதான் அழுதாள். பாப்பா ஈரத் தலையோடு போய் மணியை அவள் கையில் கொடுத்தாள். “இத்த அடிம்மா, சரியாப் பூடும்” என்றாள்.

கருமாதிக்கு அவள் போகவில்லை. “மொகத்தக்கூட காட்ட வேணாம்னு நெனச்சவன் வூட்டு வாசல நா மிதிக்க மாட்டேன்” என்றாள். சேகர் போனில் கேட்டான். “கோவத்துல இருக்கா, வர மாட்டா” என்றேன். நான் அவனிடம் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து அவனுக்குக் கல்யாணம். துறைமுகத்துக்கே வந்து என் கையில் பத்திரிகை வைத்தான். தாடி வைத்திருந்தான். “அக்காவ ஒரு தபா வரச் சொல்லுங்க மாமா. அப்பாவுக்குத்தான் வரல… எனக்காவது வரட்டும்” என்றான். பத்திரிகையைப் படகின் எஞ்சின் அறையில் செருகி வைத்தேன். டீசல் ஊறி எழுத்து அழிந்தது. கல்யாணம் முடிந்தபிறகு கஸ்தூரிக்கு யார் மூலமாகவோ தெரிந்தது. “கல்யாணத்துக்குக்கூட கூப்புடலயே” என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அப்பனை ஒரு நாள் பார்க்கவிடாமல் செய்தவன், தம்பியை ஏழு வருஷமாகப் பார்க்கவிடாமல் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறக்கிறேன். பாதி திறந்ததும் பயம் வந்து அடைக்கிறது. இந்தப் பயம் நாலு வயதுப் பிள்ளைக்கு இல்லை. கஸ்தூரி என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்கு.

இப்போதும் தடைக்காலம்தான். தாரணிக்குப் பதினொரு வயது. நெற்றியில் அந்த ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. நான் இறுக்கிப் பிடித்த அன்று பிய்த்தது.

போன வாரம் எதிர் வீட்டுப் பையனுக்கு அம்மை. நிலையில் வேப்பிலைக் கொத்து. கஸ்தூரி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“யோசிச்சுப் பாத்தா சேகரு பண்ணதுல தப்பு இல்லய்யா.”

நான் நிமிரவில்லை.

“எங்கிட்ட சொல்லியிருந்தா நா ஓடியிருப்பேன். பாப்பா என்ன ஆயிருப்பா? அவளுக்காகத்தான சொல்லாம வுட்டான். சின்னப் பையன், அவனே எல்லாத்தயும் நின்னு செஞ்சிருக்கான். நான்தான் புரிஞ்சிக்காம இத்தினி வருசம்…” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் மனசுல ஒண்ணும் இல்ல இப்ப. போயி பாத்துட்டு வருவோமா?”

மன்னித்துவிட்டாள். நான் செய்ததை மன்னித்துவிட்டாள்… அவனை வைத்து!

“தடக்காலம் முடியட்டும்” என்றேன்.

“தடக்காலத்துலதான்யா நீ வூட்டுல இருப்ப. அப்புறம் கடலுக்குப் போயிடுவ. சரி, நீ வராட்டி போ. நானும் பாப்பாவும் போயிட்டு வரோம். அவனுக்கும் ஒரு பொட்டப்புள்ள பொறந்திருக்காம்.”

அந்தப் பழைய மணியைப் பரணிலிருந்து எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். புதுசு மாதிரி ஆகிவிட்டது. தம்பி மகளுக்குக் கொடுக்கவாம். பயணப் பையில் வைத்து, பையை ஆணியில் மாட்டியிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள்.

இன்று வெள்ளி. சொல்ல இன்னும் ஒரு நாள் முழுதாக இருக்கிறது. அன்றைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

அறை சின்னது. யார் நடந்தாலும் பை மேல் தோள் உரசுகிறது. உரசினால் உள்ளே மணி லேசாக அடிக்கிறது. கஸ்தூரிக்கு அது கேட்பதாகத் தெரியவில்லை.